நான் ஏற்க மறுத்த குறிப்புகள்

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதப் பாடங்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னுடையது. பாடம் நடத்துவது போக, யார் எந்த வகுப்பில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதும் நான்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒரு நிலைத்தேர்வு வைப்போம். அதில் எடுக்கிற மதிப்பெண்ணைப் பார்த்து, அடிப்படைக் கணிதமா, இயற்கணிதமா, நேரே கல்குலஸா என்று பிரிப்பேன். வேறு கல்லூரியில் பாதி படித்துவிட்டு வருகிறவர்கள், அங்கே படித்ததை இங்கே ஏற்றுக்கொள்ளச் சொல்லி விண்ணப்பம் போடுவார்கள். பாடவிலக்கு என்று அதற்குப் பெயர். அவர்கள் கொண்டுவரும் பாடத்திட்டத்தை எங்களுடையதற்குப் பக்கத்தில் வைத்து, தலைப்பு தலைப்பாக ஒத்துப்பார்த்து, ஏற்கலாம் அல்லது கூடாது என்று கையெழுத்துப் போடவேண்டும். எத்தனையோ பேருக்குக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவரைத் தவிர மற்ற யாருடைய முகமும் எனக்கு நினைவில் இல்லை.

அந்த ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். தொழிற்சாலைக்காரர்கள் போடும் நீலநிறக் கிலாங் சீருடை, கழுத்தில் தொங்கும் அட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நாற்பதை நெருங்கிய பெண். வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்ததால் உட்காரும்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா ஒரே கிலாங்குல இருக்கேன் மிஸ். இப்ப லைன் லீடர். அசிஸ்டன்ட் இன்ஜினியர் வேலை ஒண்ணு காலியாகப் போகுது. டிப்ளோமா மட்டும் முடிச்சிட்டா உனக்குத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷம் டைம் குடுத்திருக்காங்க."

"முன்னாடி எங்கே படிச்சீங்க?"

"தெலுக் இந்தான்ல. சித்தி வீட்டுல தங்கிப் படிச்சேன். நாலு செமஸ்டர்ல மூணு முடிச்சிட்டேன். அதுக்குள்ள காலேஜை மூடிட்டாங்க." மதிப்பெண் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "கல்குலஸ் ரெண்டும் ஏ மிஸ். அதை மட்டும் நீங்க ஏத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துல முடிச்சிருவேன். இல்லன்னா மூணரை வருஷம் ஆயிடும்னு கவுண்டர்ல சொன்னாங்க."

பட்டியலின் மேலே இருந்த கல்லூரிப் பெயரைப் படித்தேன். மறுபடியும் ஒருமுறை படித்தேன்.

கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் இருந்த கல்லூரி அது. இருபத்து நான்கு வயதில் என் முதல் வேலை அங்கேதான். பாடப்புத்தகம் கிடையாது, நூலகம் என்று சொல்ல ஒரு அலமாரி. செம்பனைத் தோட்டங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகளுக்காக, கல்குலஸ் முழுவதையும் நானே கையால் எழுதி, கீழ்க்கடையில் படியெடுத்துக் கொடுத்தேன். ஒரு வருடம் அங்கே இருந்தேன். பிறகு முதுகலை படிக்கக் கிளம்பிவிட்டேன். நான் போன மூன்றாவது வருடம் அந்தக் கல்லூரி பத்திரிகையில் வந்தது. வகுப்புக்கே வராதவர்களுக்கு முதலாளி சான்றிதழ் விற்றிருக்கிறார். இழுத்து மூடிவிட்டார்கள். ஒழுங்காகப் படித்த பிள்ளைகளும், ஒழுங்காகப் பாடம் நடத்திய நாங்களும் அங்கே இருந்தோம் என்பதை யாரும் எழுதவில்லை. அதன் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறும். ஈப்போவில் வேலைக்கு விண்ணப்பித்தபோது, 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டேன். 'மேலே கூறியவை யாவும் உண்மை' என்ற வரிக்கு அடியில் கையெழுத்தும் போட்டேன்.

இதெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "பாடத்திட்டம் வேணும். கல்லூரி முத்திரை, சாப்பு குத்தினது," என்று என் வாய் வழக்கமான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"காலேஜே இல்லையே மிஸ், சாப்புக்கு யாருகிட்ட போறது? ஆனா இது இருக்கு." பையிலிருந்து சுருள்கம்பி போட்ட தாள்கட்டு ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "எங்களுக்கு நடத்தினது அத்தனையும் இதுல இருக்கு. பாருங்க."

திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அட்டையைத் தாண்டி முதல் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மை மங்கிய அந்தப் படியில் இருந்தது என் கையெழுத்து.

இருந்தாலும் புரட்டினேன். அவர் என் எதிரில் உட்கார்ந்து பக்கத்துக்குப் பக்கம் விளக்கிக்கொண்டே வந்தார்.

"யாரு எழுதினாங்கன்னு தெரியாது மிஸ். எங்களுக்கு முன்னாடி இருந்த டீச்சராம். எங்க காலத்துல பாடம் நடத்தினவரு பாதி நாளு வரவே மாட்டாரு. எனக்கு கல்குலஸ் புரிஞ்சதே இதாலதான்."

ஒரு பக்கத்தில் நிறுத்தினார். ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டியிருக்கும் கிண்ணம், பால் மங்கு, நிரம்புகிற வேகத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு. நான் புந்தோங்கில் வளர்ந்த டவுன்காரி. பால் மங்கை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரிந்த பொருளாக இருக்கட்டும் என்று, கூம்பு வடிவத்தில் ஒரு மங்கு வரைந்து வைத்திருந்தேன்.

"இங்க பாருங்க," என்று சிரித்தார். "பால் மங்கு இப்படி அடியில கூரா இருக்காது மிஸ். உருண்டையா இருக்கும். எழுதினவங்க தோட்டத்துல இருந்திருக்க மாட்டாங்க."

பக்கத்திலேயே பென்சிலால் சரியான மங்கை வரைந்து, அதே கணக்கை அரைக்கோளத்துக்குப் போட்டிருந்தார். கூம்பைவிட அது சிக்கலானது. இருபது வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் போட்டிருக்கிறார். கடைசி வரி வரை பார்த்தேன். விடை சரியாக இருந்தது.

தாள்கட்டை மூடி அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கையால எழுதின நோட்ஸை டாக்குமென்டா எடுத்துக்க முடியாதுங்க. இதை யாரு எழுதினாங்க, எப்ப எழுதினாங்கன்னு யாரும் சாட்சி சொல்ல முடியாது."

அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல் இன்றுவரை நினைவிருக்கிறது.

அவர் வாதாடவில்லை. "அப்ப வேற வழி?" என்று மட்டும் கேட்டார். நிலைத்தேர்வு எழுதலாம் என்றேன். கடிகாரத்தைப் பார்த்து எழுந்துகொண்டார். வாசலில் திரும்பி, "தேங்க்ஸ் மிஸ்," என்றார்.

அடுத்த வாரம் கணினி அறையில் நிலைத்தேர்வு நடந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசைக்கு நடுவே அந்த நீலச் சீருடை. எங்கள் தேர்வு வேகத்தைச் சோதிக்கிற தேர்வு. பின்னம், சதவீதம், விகிதம் என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். விடையைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் தாளில் முழுக்கப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தட்டினார். நேரம் முடிந்தபோது பாதியைத் தாண்டவில்லை. தொட்டதில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் மொத்த மதிப்பெண் அவரை அடிப்படைக் கணிதத்தில் கொண்டுபோய் வைத்தது.

முடிவுத் தாளின் அடியில் 'ஒருங்கிணைப்பாளர் பரிந்துரை' என்று ஒரு கட்டம் உண்டு. வேறு வகுப்பு பொருத்தம் என்று நான் நினைத்தால் அதில் ஒரு வரி எழுதினால் போதும். காரணம் எழுதவேண்டியிருக்குமே என்று யோசித்தேன். காரணத்தின் நுனியைப் பிடித்து யாராவது இழுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்றும் யோசித்தேன். கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன்.

அந்தப் பருவம் அடிப்படைக் கணிதம் நடத்த வேண்டியவர் பிரசவ விடுப்பில் போனார். வகுப்பு என் தலையில் விழுந்தது.

நான் பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறவள். கணக்கு கண்ணெதிரே ஒவ்வொரு வரியாக வளரவேண்டும் என்று இளையவர்களுக்கு உபதேசம் செய்திருக்கிறேன். அந்த வகுப்புக்கு மட்டும் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து திரையில் காட்டினேன். எழுதுகோலைக் கையில் எடுக்கவே இல்லை. அவர் மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம் உட்காருவார். பிள்ளைகள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டதை அவரிடம் கேட்டார்கள். கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டி அவர் விளக்குவதை, நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் மழை. இடி இடித்ததில் புரொஜெக்டர் அணைந்துவிட்டது. என்ன செய்தும் எரியவில்லை. முப்பது பேர் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் பலகைக்குப் போனேன். இரண்டு சமன்பாடுகள், ஏழெட்டு வரிகள். முடித்துவிட்டுத் திரும்பினேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் எழுதவில்லை. பேனாவை நோட்டுமேல் வைத்துவிட்டு, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பலகையை மட்டும்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் அவர் நின்றார்.

"என்ன வேணும்?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல மிஸ். பலகையை அழிச்சிட்டுப் போறேன்லா." மெதுவாக, மேலிருந்து கீழாக அழித்தார். கடைசி வரியை அழிக்குமுன் ஒரு கணம் நின்ற மாதிரி எனக்குப் பட்டது. பிறகு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நின்றார். ஏதாவது கேட்பார். "நாளைக்கு டெஸ்ட்டா மிஸ்?" போன்ற கேள்விகள், அவருக்கே விடை தெரிந்தவை. நான் தாள்களை அடுக்கிக்கொண்டே பதில் சொல்வேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். பிறகு ஒரு திங்கட்கிழமை மூன்றாவது வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்கக் காலியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை கவுண்டரில் இருக்கும் பெண் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அந்த அக்கா குடுத்தாங்க மிஸ். உங்ககிட்ட சேர்த்திடச் சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

உள்ளே அந்தச் சுருள்கம்பிக் கட்டு இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் அன்றே வந்தது. ஆனால் சந்தேகத்துக்கும் ஆதாரம் கேட்டுப் பழகியவள் நான். பாரமாக இருக்கிறது என்று கொடுத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பூட்டி வைத்தால் அங்கேயே கிடக்கும் என்று நினைத்தேன். கிடக்கவில்லை. பாடவிலக்கு விண்ணப்பம் எதை எடுத்தாலும் என் முழங்கால் இழுப்பறையில் இடித்தது. சிக்னலில் கிலாங் பஸ் பக்கத்தில் வந்து நின்றால், நீலச் சீருடை முகங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒருமுறை மார்க்கெட்டில் அவர்தான் என்று நினைத்து ஒரு பெண்ணின் பின்னால் மீன் கடை வரை போய், அவள் திரும்பியதும், என்ன சொல்வதென்று தெரியாமல் வேண்டாத மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். வகுப்பில் பலகைக்கு முதுகைத் திருப்பி நின்றால், என்னவோ எழுதி வைத்துவிட்டு மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். எந்த வகுப்பிலும் பலகையில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

வீட்டில் சாமான் பட்டியல் எழுதி வைத்திருந்தேன். என் கணவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "யாரு எழுதினது இது?" என்றார்.

"நான்தான். ஏன்?"

"உன் எழுத்து மாதிரியே இல்லையே. எப்பவும் ஏழுக்கு நடுவுல கோடு போடுவ."

எனக்கே தெரியாமல் கையெழுத்தை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். கண் சரியாத் தெரியலை, கண்ணாடி மாத்தணும் என்றேன்.

இப்படி ஒன்றரை வருடம் போனது.

எங்கள் மாணவர்கள் டிப்ளோமா முடித்ததும் பட்டப்படிப்புக்குப் போகிறார்கள். நாங்கள் நடத்திய கல்குலஸைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். அந்த வருடம் ஆறு பேருடைய விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு முக்கியமான தலைப்பு இல்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அந்தத் தலைப்பை வருடாவருடம் நடத்துகிறோம். புதுப்பித்துத் தட்டச்சு செய்தபோது ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் பாடவிலக்கு வேலையை என்னைப் போலவே பார்க்கிற அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். இளம் பெண் குரல், மலாய்க்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஆவணத்தில் இல்லாததை நான் எப்படி ஏற்க முடியும் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளைகள் நோட்டைக் காட்டுகிறேன், பாருங்கள். ஆவணத்தில் இல்லையென்றால் படிக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? பாடம் நடத்தியவள் நான் சொல்கிறேனே, அது போதாதா?"

சொல்லி முடித்ததும் என் கண் இழுப்பறைக்குப் போனது. அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். இழுப்பறையைத் திறந்து பையை எடுத்துக் காரில் வைத்தேன்.

கோப்பில் இருந்த தொலைபேசி எண் வேறு யாருக்கோ போய்விட்டிருந்தது. அடையாள அட்டையில் இருந்த முகவரி கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். சனிக்கிழமை காலையில் போனேன். சாலையின் இருபக்கமும் செம்பனை. தோட்டத்துப் பெயர்ப்பலகை நின்ற இடத்தில் கம்பிகள் மட்டும் நின்றன. உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்துக்கு வந்தபோது காரை நிறுத்தினேன். வீடுகளை இடித்தவர்கள் சிமெண்டுப் படிகளை விட்டுவிட்டார்கள். மூன்று மூன்று படிகள், வரிசையாக, மரங்களுக்கு நடுவே. ஏறினால் போய்ச்சேர ஒன்றும் இல்லை. எஞ்சினை அணைத்ததும், யாரோ கூப்பிடக் காத்திருப்பது போல ஒரு அமைதி. கதவைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கொஞ்சம் தள்ளிக் கோயில் மட்டும் இருந்தது, புதுச் சாயத்தோடு. அங்கே தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

"அந்தப் புள்ளையா? கணக்குல கெட்டிக்காரி. எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் அதுதான் சொல்லிக் குடுக்கும்," என்றார். "ஈப்போ வேலைய விட்டுருச்சும்மா. இப்ப சித்தியவான்ல அக்காகூட இருக்கு. நம்பர் தரவா?"

அன்று மதியமே சித்தியவானில் இருந்தேன். தாமான் குடியிருப்பு வரிசையில் ஓரத்து வீடு. போனில் நான் யார் என்று சொன்னபோது, "வாங்க மிஸ்," என்று மட்டும் சொல்லியிருந்தார். கேட்டைத் திறந்தபோது அவர் சீருடையில் இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தார்.

"உக்காருங்க மிஸ். தே போடவா?"

உட்கார்ந்தால் பேச்சு வேறு எங்காவது போய்விடும் என்று பயந்தேன். நின்றபடியே தாள்கட்டை வெளியே எடுத்தேன்.

"இதை எழுதினது நான்."

"தெரியும் மிஸ்," என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"புரொஜெக்டர் கெட்டுப்போச்சே, அன்னைக்கே தெரியும். நீங்க ஏழுக்கு நடுவுல கோடு போடுவீங்க. எக்ஸை ரெண்டு பேரு முதுகு ஒட்டி நிக்கிற மாதிரி எழுதுவீங்க. நான் அந்த நோட்ஸை மூணு தடவை பார்த்து எழுதியிருக்கேன். என் எழுத்தே அப்படி ஆயிடுச்சு மிஸ்."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"என்னன்னு கேக்குறது?" குரலை உயர்த்தவே இல்லை. "முத நாளு இதைப் புரட்டினப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. தெரிஞ்சும் சொல்லலைன்னா, அந்த காலேஜ்ல இருந்ததை மறைச்சிருக்கீங்கன்னு அர்த்தம். நான் வாயைத் தொறந்தா உங்களை மிரட்டுற மாதிரி ஆயிடும். அதான், நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். கிளாஸ் முடிஞ்சு தினமும் நின்னேன்."

"ஆமா," என்றேன்.

"ஒரு நாளு நான் கிட்ட வந்ததும் போனை எடுத்து ஹலோ ஹலோன்னு பேசினீங்க. போன் ஸ்கிரீன் கறுப்பா இருந்துச்சு மிஸ். யாரும் கூப்பிடல. அன்னைக்குத்தான் நான் காலேஜை விட்டு நின்னுட்டேன்."

அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இல்லாத அழைப்புக்குச் சிரித்தபடி மாடிப்படி இறங்கியதும் நினைவிருந்தது.

"என்மேல கோவமா இருந்துச்சா?"

யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவம்னு இல்ல. லயத்தை இடிக்க வந்தப்ப, கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்தது ரெண்டு சாமானுதான். ஒண்ணு எங்கப்பா படம். இன்னொண்ணு இது. இதை எழுதினவங்க எங்கயோ நல்லா இருக்கணும்னு நெனச்சுக்குவேன். அது நீங்கதான்னு தெரிஞ்ச பிறகு இதை வீட்டுல வச்சிருக்க முடியல. ராத்திரி சாமி படத்துக்கு விளக்கு வச்சா, பக்கத்துல இது. அதைப் பார்த்தா என்னவோ செய்யும். அதான் குடுத்துட்டேன்."

அவருடைய அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். குடிக்கக் கையில் எடுத்தேன். சூட்டில் விரல் பட்டபோதுதான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

அந்த அசிஸ்டன்ட் இன்ஜினியர் வேலையைக் கோலாலம்பூரிலிருந்து வந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்து வளர்த்த லைனில் அவருக்கே மேலதிகாரியாக வந்தவருக்கு இருபத்தைந்து வயதாம். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்து வெளியேறிவிட்டார். இப்போது மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்கிற ஒரு கிலாங்கில் ஸ்டோர் பார்க்கிறார்.

"திங்கக்கிழமை எங்க துறைத்தலைவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன்," என்றேன். "உங்களுக்குப் பாடவிலக்கு வாங்கித் தர்றேன்."

"சொல்லுங்க மிஸ். ஆனா எனக்காகன்னு சொல்லாதீங்க." கட்டை எடுத்து என் கையில் திரும்பக் கொடுத்தார். கேட் வரை வந்து, கார் திரும்பும் வரை நின்றார்.

திங்கட்கிழமை துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை அறிந்தவர். விண்ணப்பத்தில் போட்ட கோட்டிலிருந்து போனின் கறுப்புத் திரை வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்து மேசைச் சாவியைக்கூடக் கையில் எடுத்துப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இதற்கா இத்தனை வருடம் பயந்தீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில். "அந்தப் பெண் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்திருக்கும். பாடத்தை எழுதியவரே இங்கே உட்கார்ந்திருக்கும்போது, வேறு என்ன ஆவணம் வேண்டும்?"

அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வைத்தார்கள். அவ்வளவுதான் தண்டனை. நான் எழுதிய சாட்சிக் கடிதத்தையும் குறிப்புகளையும் குழு பார்த்தது. இரண்டு கல்குலஸ் பாடங்களுக்கும் விலக்கு கிடைத்தது. கூட்டம் ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை.

அவருக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. 'நன்றி மிஸ். இப்ப முடியாது. அக்காவுக்கு டயாலிசிஸ், வாரத்துல மூணு நாள் நான்தான் கூட்டிட்டுப் போகணும்.' நான் திரும்ப எழுதியதற்குப் பதில் இல்லை.

ஏற்கப்பட்ட பாடவிலக்கு ஒரு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும். அவருடையது போன பருவத்தோடு காலாவதியானது. இப்போது நான் கணினியைத் திறந்து உள்ளே போனதும், முதல் திரையிலேயே அவர் பெயர் வருகிறது. இந்தக் கோப்பை மூடலாமா, ஆம், இல்லை என்று கேட்கிறது. இல்லை என்று அழுத்துகிறேன். இல்லை என்றால் கேள்வி மறுநாள் காலை திரும்ப வரும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பப் பிரிவில் சொன்னால் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் சொல்லவில்லை.